செயலாளர் ஆண்டறிக்கை 2023–24: பழைய ஐஸ் கம்பெனியும் நம் கருவாடும்

தலைவி அக்காவுக்கும், பொருளாளருக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வேலையை ஒரு பொழுது விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். ஊர்ப் பஞ்சாயத்தார் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் முடிய உள்ள ஓராண்டுக்கான நம் மீனவப் பெண்கள் சங்கத்தின் அறிக்கை இது. வழக்கமாகச் சேமிப்பு, கடன், கூட்டம் என்று வரிசையாக வாசிப்பேன். இந்த முறை அதையெல்லாம் சுருக்கிக்கொண்டு, நாம் குத்தகைக்கு எடுத்துக் கருவாட்டுக் கூடமாக்கிவருகிற துறைமுகத்துப் பழைய ஐஸ் கம்பெனிக் கட்டடத்தைப் பற்றியே நிறைய எழுதியிருக்கிறேன். இந்த வருடம் நாம் பட்ட பாடெல்லாம் அங்கேதான்.

மாதக் கூட்டம் ஒன்றுகூடத் தவறவில்லை. நவம்பர்க் கூட்டம் மட்டும் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. சேமிப்பும் உள்கடனும் ஒழுங்காக நடக்கின்றன. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். மூத்த உறுப்பினர்கள் இருவரை இந்த ஆண்டு இழந்தோம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வீடும் இல்லாமல், மீன் விற்கக் கூடையும் இல்லாமல் நின்ற நாட்களில் இந்தச் சங்கத்தைக் கூட்டியவர்களில் அந்த இருவரும் உண்டு. புதுத் தரையில் ஒரு நாளாவது அவர்கள் உட்கார்ந்து மீன் அரிந்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொள்கிறது. அவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.

கட்டடம் எதற்கு என்று நம்மில் சிலர் இன்னும் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. அம்மாவும் ஆத்தாவும் மணலில் மீனைக் காயவைத்துத்தானே நம்மை வளர்த்தார்கள். ஆனால் நாகைக் கரையில் கருவாடு போடுகிறவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வெயில் நன்றாக அடிக்கிற ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். ஃபைபர் படகில் வருவது பச்சை மீன் விற்கவே பற்றாது. தடை முடிந்து மீன் வரத்துக் கூடி, கையில் நாலு காசு பார்க்கலாம் என்று நிமிர்வதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். வெயில் இருக்கும்போது மீன் இல்லை, மீன் இருக்கும்போது வெயில் இல்லை. பாதி காய்ந்த நெத்திலி ஒரு தூறல் நனைந்தால் போதும், ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். ராத்திரியில் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடாத பெண் இந்தக் கூட்டத்தில் யாராவது உண்டா?

நன்றாகக் காய்ந்த சரக்கிலும் மண் இருக்கிறது என்று வியாபாரிகள் சாக்குக்கு இவ்வளவு என்று எடையில் கழிக்கிறார்கள். நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ கருவாடு தேறும். அந்த ஒரு கிலோவிலும் கழிவு போனால் மிச்சம் என்ன? நாம் கேட்டது பெரிய தொழிற்சாலை அல்ல. மழை படாத கூரை, மண் ஒட்டாத தரை, கழுவ நல்ல தண்ணீர். இந்த மூன்றும்தான்.

ஐஸ் கம்பெனி மூடி ஆண்டுகள் பல ஆகின்றன. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரை கடந்தபோது கூரைத் தகடுகள் பறந்துபோயின. அதற்குப் பிறகு கிழிந்த வலையும் உடைந்த மீன் பெட்டியும் போட்டுவைக்கிற இடமாக அது கிடந்தது. அதைக் குத்தகைக்குக் கேட்டு நாம் கொடுத்த மனு ஓர் அலுவலகத்தில் இரண்டு முறை காணாமல் போனது. மூன்றாம் முறை நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினோம். இனிமேல் எந்த மனுவும் அப்படித்தான். ஜூலையில் சாவி கைக்கு வந்தது.

உள்ளே போன முதல் நாள் நம்மோடு வந்தவர் அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்த மாமா ஒருவர். நடுவில் இருந்த நீளமான தொட்டியைக் காட்டினார். உப்புக் கரைசலை அமோனியாக் குழாய்களால் உறைநிலைக்குக் கீழே குளிரவைத்து, அதற்குள் தண்ணீர் நிரப்பிய தகர டின்களை இறக்கினால் அவை ஐஸ் பாராகிவிடும். மேலே மரப்பலகை மூடி. அதன்மேல் நடந்துதான் வேலை செய்வார்களாம். “குழாயில அமோனியா மிச்சம் இருக்கான்னு பார்க்காம ஒரு எடத்துலயும் அறுக்க விடாதீங்கம்மா” என்று அவர் சொன்னதால், பழைய இரும்பு எடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த வேலை தெரிந்த ஆட்களை வரவழைத்துக் குழாய்களைக் காலி செய்தோம். அதில் பத்து நாள் போனது. போனால் போகட்டும், ஒருவர் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நாங்கள் பயந்தது கூரைக்கு. உண்மையில் பெரிய செலவை இழுத்துவிட்டவை தரையும் சுவரின் அடிப்பகுதியும். உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் ஊறிய காங்கிரீட் அது. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, மேலே இருக்கிற சிமெண்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நம் ஊரில் பிறந்து பொறியாளராகியிருக்கிற தம்பி ஒரு சிறு சுத்தியலோடு வந்தார். தூண் தூணாக, சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டங்’ என்று கேட்டது. கெட்ட இடத்தில் ‘டொப்’. டொப் என்ற இடத்தையெல்லாம் தலைவி அக்கா சாக்பீஸால் வட்டம் போட்டார். கடைசியில் பார்த்தால் கடல் பக்கத்துச் சுவர் முழுக்க வட்டம்.

ஒரு மேஸ்திரி, மேலே பூசிவிட்டால் ஒன்றும் தெரியாது என்று பாதி விலை சொன்னார். குழுவில் அதற்கு ஆதரவும் இருந்தது, மறைக்க வேண்டாம். கையில் காசு இல்லாதபோது பாதி விலை என்றால் யாருக்கும் மனம் போகும். தம்பிதான் பொறுமையாகச் சொன்னார்: உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு மழைக்காலத்தில் பூச்சு பெயர்ந்து மீன் மேலேயே விழும் என்று. அதனால் கெட்டுப்போன சிமெண்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுத்து, கம்பியைத் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடித்து, புதிதாகக் கட்டினோம். தொட்டியை மணல் போட்டு நிரப்பி மேலே தளம் போட்டாயிற்று. அந்த முடிவு சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. 2020இல் தொடங்கிய மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் பெண்களுக்குத் திட்டச் செலவில் 60 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனால் வேலையை முடித்துக் காட்டிய பிறகுதான் கைக்கு வரும். முதலில் நாம்தான் போட வேண்டும். அதற்காக நகை வைத்த உறுப்பினர்களின் பெயரை இங்கே வாசிக்க வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். மானியம் வந்ததும் முதல் வேலை அந்த நகைகளை மீட்பதுதான். இது குழுவின் தீர்மானமாகப் பதிவாகியிருக்கிறது.

தரை போட்ட கதையையும் சொல்லிவிடுகிறேன். மீன் கூடத்துத் தரையில் தண்ணீர் நிற்கவே கூடாது. வாட்டம் சாக்கடையை நோக்கி இருக்க வேண்டும். சுவரும் தரையும் சேருகிற மூலை கூர்மையாக இல்லாமல் உருட்டலாக இருக்க வேண்டும், அப்போதுதான் செதிலும் அழுக்கும் போய் அடையாது. தளம் முடிந்தது என்று சொன்ன அன்று நாங்கள் ஆறு பேர் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரோடு போனோம். ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். எல்லாம் ஓடியது, கிழக்கு மூலையில் மட்டும் ஒரு முறம் அளவுக்குத் தண்ணீர் அசையாமல் நின்றது. “காய்ந்துவிடும்” என்றார் மேஸ்திரி. மீன் கழுவிய தண்ணீர் காய்ந்தால் அந்த இடம் எப்படி நாறும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? அந்த மூலையைப் பெயர்த்து மறுபடி போட்டுக் கொடுத்தார். இரண்டாம் முறையும் வாளியோடுதான் போனோம்.

மீன் கடல் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வரும். கழுவுவது, அரிவது, உப்புப் போடுவது, உலர்த்துவது, பொட்டலம் கட்டுவது என்று ஒரே திசையில் நகர்ந்து சாலைப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே போகும். பச்சை மீன் தொட்ட கையும் கூடையும் காய்ந்த சரக்குப் பக்கம் போகக் கூடாது. நாகையில் 2012இல் தொடங்கிய மீன்வளப் பல்கலைக்கழகத்தில் பயிற்சிக்குப் போய்வந்த நம் பெண்கள் இந்த வரிசையைத் தரையிலேயே சாக்பீஸால் வரைந்து, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தார்கள். ஓர் இடத்தில் இரண்டு பேர் முட்டிக்கொண்டதால் ஒரு கதவையே இடம் மாற்றினோம்.

மேசை விஷயத்தில் தவறு என்னுடையது. சுத்தமாக இருக்கும் என்று நின்று அரிகிற எஃகு மேசை மட்டும் போதும் என்று நான்தான் வாதாடினேன். முதல் வாரமே வயதான அக்காமார்கள் நாலு பேர் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நாற்பது வருடம் அரிவாள்மனையில் உட்கார்ந்து அரிந்த உடம்பு, நின்றால் கால் வீங்குகிறது, கத்தி கையில் பழகவில்லை, வேலை மெதுவாகிறது, சின்னப் பெண்கள் முன்னால் வெட்கமாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் கை வேகம் இந்தக் கரையில் வேறு யாருக்கும் இல்லை. இப்போது ஒரு பக்கம் ஓடு பதித்த உயரமான திண்ணை கட்டி, அதன்மேல் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்தே அரிகிறார்கள். கழுவவும் வசதி. நாலு பேரும் வந்துவிட்டார்கள். அவர்களிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன், கூட்டத்திலும் கேட்கிறேன்.

தண்ணீர் விஷயத்தில் குழு இளக்கம் காட்டாது. துறைமுகத்துக்குள் தேங்கிய தண்ணீரில் டீசலும் கழிவும் கலந்திருக்கும். அதில் ஒரு கூடைகூட அலசக் கூடாது. குடிக்கிற தரமுள்ள தண்ணீர் மட்டும்தான், அதையும் பரிசோதனைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம்.

உலர்த்தும் பெட்டி, கொச்சியில் 1957 முதல் இயங்குகிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் பரப்பிவருகிற வகை. பகலில் சூரியச் சூடு, மேகம் மூடினால் மின்சாரம். முதல் முறை போட்ட சாளை வீணாய்ப்போனது. சீக்கிரம் காயட்டும் என்று சூட்டை ஏற்றிவிட்டோம். மேல்தோல் சட்டென்று இறுகி, உள்ளே இருந்த ஈரம் வெளியே வர வழியில்லாமல் அடைபட்டது. தொட்டால் கருவாடு மாதிரி இருந்தது, பிட்டால் உள்ளே பிசுபிசுப்பு, மூன்றாம் நாள் வாடை. குறைந்த சூட்டில் நல்ல காற்றோட்டத்தில் மெதுவாகத் தொடங்க வேண்டும் என்று அப்புறம் பிடிபட்டது. டிசம்பரில் வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தபோது பெட்டியைத் திறந்து நெத்திலியைக் கையில் அள்ளினோம். வெள்ளி மாறாமல், மண் இல்லாமல், சலசலவென்று உதிர்ந்தது. வாங்க வந்த வியாபாரி சாக்குக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். அன்றைக்குக் கழிவு என்ற பேச்சே எழவில்லை.

உப்பு வேதாரண்யத்திலிருந்து வருகிறது. பக்கத்திலேயே கிடைக்கிறது என்று கண்ட உப்பையும் வாங்கக் கூடாது. கசப்புள்ள உப்பு காற்றில் ஈரத்தை இழுத்துக் கருவாட்டை நசநசக்கவைக்கும். சுத்தமில்லாத உப்பு போட்ட மீனில் சில நாளில் சிவப்புப் படர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கியாயிற்று. நாம் வாங்கியபோது, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருந்த சிறு தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான் கட்டணம். பதிவின் 14 இலக்க எண்ணும் பொட்டலம் கட்டிய தேதியும் இல்லாமல் ஒன்றுகூடச் சாலைப் பக்கத்துக் கதவைத் தாண்டாது. குடலும் தலையும் முன்பு கரையில் கொட்டினோம், நாய்களும் காகமும் இழுத்துப்போட்டன. இப்போது சம எடை வெல்லம் சேர்த்து மூடிவைத்து மீன் அமிலமாக்குகிறோம். கீழ்வேளூர்ப் பக்கத்து விவசாயிகள் வயலுக்குத் தெளிக்க வாங்கிப்போகிறார்கள்.

முடியாத வேலைகள்: மேற்குப் பக்கக் கூரை பாதிதான் ஆகியிருக்கிறது. தெர்மாக்கோல் வைத்துக் கட்டிய பழைய ஐஸ் அறையின் சுவர் இன்னும் நன்றாக இருக்கிறது, அதை மீன் வைக்கும் குளிர் அறையாக்க மதிப்பீடு கேட்டிருக்கிறோம். மின் இணைப்பு எந்தக் கட்டண வகையில் வரும் என்பது இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதுவரை பில் கையைக் கடிக்கிறது.

கடைசியாக, இன்று நீங்கள் முடிவு சொல்ல வேண்டிய ஒன்று. இறால் உரிப்பதற்காகக் கூடம் முழுவதையும் இரவு நேரத்துக்கு வாடகைக்குக் கேட்டு வெளி ஆள் ஒருவர் வந்திருக்கிறார். தருவதாகச் சொல்லும் தொகை நம் கடனைச் சீக்கிரம் அடைத்துவிடும். உரிக்க ஆட்களையும் அவரே கொண்டுவருவார். குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வேண்டாம் என்பது என் கருத்து. இரவில் அவர் சரக்கு, காலையில் நம் சரக்கு என்றால், தரையைக் கழுவியது யார், தண்ணீர்த் தொட்டியை மூடியது யார் என்று நாளைக்குக் கேட்க முடியாது. அடுத்த தடைக்காலத்தில் பகலையும் சேர்த்துக் கேட்பார், அப்போது மறுக்க நமக்குத் தெம்பு இருக்காது. நகை வைத்தவர்கள் முதலில் பேசட்டும், அப்புறம் மற்றவர்கள். கை தூக்கி எண்ணுவோம்.

சாவி இரண்டு. ஒன்று தலைவி அக்காவிடம், மற்றது அந்த வார முறைக்காரரிடம். முறைப் பட்டியலை வாசலில் ஒட்டியிருக்கிறேன். பெயர் விட்டுப்போனவர்கள் போவதற்கு முன் என்னிடம் சொல்லுங்கள்.

செயலாளர்