அத்தையைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவர்களுக்கு

பெங்களூரு ஓசூர் சாலை முதியோர் இல்லத்துச் சிஸ்டர்களுக்கும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கும், பெயர் தெரியாத காய்கறிக் கடைக்காரர்கள் எல்லோருக்கும்,

எங்கள் அத்தை போன மாதம் காலமானார். கல்யாணம் ஆகாதவர், கையில் சேமிப்பு எதுவும் கிடையாது, நாங்களும் ஒற்றை அறை வீட்டில் திண்டாடிக்கொண்டிருந்தோம். எந்த மதம், எவ்வளவு தருவீர்கள் என்று உங்களில் யாரும் கேட்கவில்லை. அறுபது தாண்டிவிட்டதா, பார்த்துக்கொள்ள வசதியில்லையா, சரி, கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றீர்கள். நான்கு வருடம் உங்களோடு இருந்தார்.

உங்கள் இல்லத்தை நடத்துகிற ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்ற கன்னியாஸ்திரீகள் சபையில், சாகக் கிடப்பவரைத் தனியே விடமாட்டார்கள், ராத்திரி பகலாக ஒரு சிஸ்டர் பக்கத்திலேயே இருப்பார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அந்தக் கடைசி மூன்று நாளில்தான். விடியற்காலை மூன்று மணிக்கு, தானே தடி ஊன்றி நடக்கிற வயதான சிஸ்டர் ஒருவர், பஞ்சை நனைத்து அத்தையின் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்தார். அத்தையின் முருகன் படத்தைத் தலைமாட்டில் எடுத்து வைத்ததும் அவர்தான்.

இதையெல்லாம் தொடங்கிவைத்த ஜான் ஜூகானைப் பற்றி அப்புறம்தான் படித்தேன். பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் பிறந்த மீனவர் மகள். 1839 குளிர்காலத்தில், தன் 47ஆம் வயதில், பார்வையில்லாத ஆன் ஷோவேன் என்ற கிழவியைத் தூக்கிக்கொண்டு மாடியேறி, தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுத் தான் பரணில் படுத்துக்கொண்டார். இன்னும் பல கிழவிகள் வந்து சேர, பிச்சையெடுத்துப் பிழைத்த அவர்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பதிலாகத் தானே கூடையோடு வீடு வீடாகப் போனார். ஆனால் சபையைத் தொடங்கியது நான்தான் என்று ஒரு பாதிரியார் சொல்லிக்கொண்டார், இவரை ஓரங்கட்டினார். கடைசி 27 வருடம், கூட இருந்த இளம் சிஸ்டர்கள் பலருக்கே இவர் யாரென்று தெரியாமல் வாழ்ந்து, 1879இல் கண்மூடினார். 2009இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள், இருந்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

நிலையான வருமானம் எதுவும் வேண்டாம் என்று சபை முடிவெடுத்ததும் அவர் இருந்தபோதுதான். அதனால்தான் சிஸ்டர்கள் இன்றும் சந்தைக்கு வந்து கேட்கிறார்கள். கடைக்காரர்களே, நீங்கள் அள்ளிப் போட்ட கத்திரிக்காயும் முருங்கைக்காயும்தான் நான்கு வருடம் எங்கள் அத்தையின் தட்டுக்கு வந்தது. உங்களை எங்கே தேடி நன்றி சொல்வேன்? இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மதரிடம் பேசிவிட்டேன். வரும் ஞாயிறு இல்லத்தில் மதியச் சாப்பாடு எங்களுடையது. அத்தை செய்வாரே அந்தப் பருப்புப் பாயசம், அதை என் தங்கை செய்கிறாள்.