கிழிசலை விடு, மரத்தைப் பார்

கும்பகோணம்,
ஐப்பசி

அன்புள்ள கோமதி,

கடிதம் கிடைத்தது. நீ வாங்க நினைக்கிற பழைய சோபாவை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பியிருந்தாயே, அந்தப் படங்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். குறுவை அறுத்தாயிற்று, ஆனால் நெல் இன்னும் கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். இந்த அடைமழையில் எந்த நெல் 17-க்கு இறங்கும்? தளர்த்துவார்கள் என்று இவர் தினமும் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறார்.

சரி, உன் சோபாவுக்கு வருகிறேன். மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒற்றை இரண்டு, சேர்த்து ஆறாயிரம். கைப்பிடித் துணி கிழிந்திருக்கிறது, நடு சீட் பள்ளம் விழுந்திருக்கிறது, அதனால் உன் வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம் என்கிறார். கிழிசல் ஒரு பொருட்டே இல்லை, கோமதி. எப்படியும் பழைய துணியை உரித்துவிட்டுப் புதுசுதான் அடிக்கப்போகிறாய். பள்ளமும் அப்படித்தான். ஃபோம் செத்திருக்கும், இல்லை அடியில் இழுத்துக் கட்டிய நாடா தொய்ந்திருக்கும். இரண்டையும் மாற்றிவிடலாம். நாம் பார்க்க வேண்டியது மரத்தையும் உள்ளே குடியிருப்பவர்களையும்.

சோபாவைக் கவிழ்க்கச் சொல். அடியில் கறுப்புத் துணி ஒன்றைப் பின் அடித்து மூடியிருப்பார்கள். நாலு பின்னைப் பிடுங்கிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பார். தேக்கு, பூவரசு என்றால் மேலே பேசலாம். பார்ட்டிகிள் போர்டு என்றால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். ஒரு தடவை நன்றாக நனைந்தால் உப்பிவிடும், அப்புறம் ஆணி பிடிக்காது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யத்தில் எங்கள் சித்தி வீட்டு ஓடெல்லாம் பறந்து, கூடத்துச் சாமான்கள் மழையில் ஊறின. தவணையில் வாங்கிய சோபா கைப்பிடி பிதுங்கிப் பிளந்துவிட்டது. சித்தப்பாவின் அப்பா செய்துவைத்த தேக்கு நாற்காலிகளுக்குக் குஷன் மட்டும் மாற்றினார்கள். இன்றைக்கும் அதில்தான் உட்காருகிறார்கள்.

மரத்தில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் கையால் தட்டிப் பார். மைதா மாதிரி வெள்ளையாகப் பொடி கொட்டினால் மரத்தைத் துளைக்கிற உளுப்பூச்சி இன்னும் உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். பிறகு நிமிர்த்தி, முன்பக்கத்து மூலை ஒன்றை மட்டும் அரை அடி தூக்கு. முன்பக்கத்து இன்னொரு காலும் கூடவே எழும்ப வேண்டும். அது தரையிலேயே நின்று, சட்டம் முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டால் மூட்டு விட்டுப்போயிருக்கிறது.

எனக்குப் பெரிய பயம் மூட்டைப்பூச்சிதான். வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்ததால் பூச்சி செத்திருக்கும் என்று விற்கிறவர் சொன்னாராமே! மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் சாகாத ஜந்து அது. சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, தையல் ஓரம், பைப்பிங் மடிப்பு எல்லாவற்றையும் விரித்துப் பார். கறுப்புக் கறுப்பாகப் பொட்டு, உரித்த தோல், எது தெரிந்தாலும் திரும்பிப் பாராமல் வந்துவிடு. வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஐப்பசியில் வெயிலுக்கு எங்கே போவது? சித்திரை வெயிலிலேயே ஃபோமின் மேல்தான் சுடுமே தவிர, நடுவில் பூச்சி சாகிற அளவுக்குச் சூடு இறங்காது.

அப்புறம் வாடை. நெல்லுக்காவது ஈரம் பார்க்க மெஷின் இருக்கிறது, சோபாவுக்கு நம் மூக்குதான். சீட்டை இரண்டு கையாலும் அமுக்கி, வெளியே வருகிற காற்றை முகர்ந்து பார். பூஞ்சை வாடை அடித்தால் ஃபோமைத் தூக்கி எறியத்தான் வேண்டும். சென்ட் வாடை அடித்தால் எனக்கு இன்னும் சந்தேகம்.

இதெல்லாம் தேறினாலும் ஆறாயிரத்தோடு முடியாது. இங்கே குஷன் வேலை செய்கிறவரிடம் உன் படங்களைக் காட்டினேன். 40 டென்சிட்டி ஃபோம், நாடா, துணி, கூலி எல்லாம் சேர்த்துப் பதினாறாயிரத்துக்குக் குறையாது என்றார். ஆக இருபத்திரண்டாயிரம், வண்டி வாடகை தனி. அந்த விலைக்குப் புதுசே கிடைக்கும் என்பார் உன் வீட்டுக்காரர். கிடைக்கும்தான். அந்தப் புதுசுக்குள் என்ன மரம் இருக்கிறது என்று கடைக்காரரைக் கேட்டுச் சொல்லச் சொல்.

தேக்காக இருந்தால் வாங்கு என்பதுதான் என் கட்சி. கிழிசலையும் பள்ளத்தையும் காட்டி நாலாயிரத்துக்குக் கேள். மரத்தைப் பார்த்த சந்தோஷத்தை மட்டும் முகத்தில் காட்டிவிடாதே, உனக்கு அது வராது. ரெக்சின் வேண்டாம், கோடையில் முதுகோடு ஒட்டும். தடித்த காட்டன் துணியில், கழற்றித் துவைக்கிற மாதிரி ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லலாம்.

ஐப்பசி கடைசி நாள் கடைமுகத்துக்கு நான் மாயவரம் வருகிறேன். காவிரியில் துலாக்கட்டத்தில் முழுக்குப் போட்டுவிட்டு நேரே அந்த வீட்டுக்குப் போவோம். அன்றைக்கு வர முடியாவிட்டால் மறுநாள் முடவன் முழுக்கு இருக்கவே இருக்கிறது. அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதே. வேறு ஆள் கேட்கிறார் என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

அன்புடன்,
வசந்தா