அக்கி எழுத மறுத்த பெரியவருக்கும், கூட நின்ற அத்தனை பேருக்கும்

அம்மாபேட்டைச் சொந்தபந்தங்களுக்கும் பெரியாஸ்பத்திரி கண் பிரிவில் என்னைப் பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

என் வலது கண் தப்பித்துவிட்டது. மறுபடியும் தறியில் உட்கார்ந்து, அறுந்த ஜரிகை இழையைத் தேடி முடிச்சுப் போடுகிறேன். அதற்குக் காரணமானவர்கள் நீங்கள்.

முதல் நன்றி சட்டிபானை செய்யும் பெரியவருக்கு. நெற்றியின் வலப்பக்கம் முதலில் எரிச்சல்தான். பிறகு கொத்துக் கொத்தாய்க் கொப்புளம். கோடு போட்டது போல நடுநெற்றியோடு நின்றுவிட்டது. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் அக்கி என்றார்கள். வழக்கப்படி, கொப்புளத்தின் மேல் காவி பூசி அக்கி எழுதிக்கொள்ள அவரிடம் போனோம். பெரியவர் குழைத்த காவியைக் கீழே வைத்துவிட்டு, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "கண்ணுக்குப் பக்கத்துல இருக்கு தாயி. இதுல நான் கை வைக்க மாட்டேன். இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றார். காணிக்கையையும் வாங்கவில்லை. அந்த மனசுக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

அங்கே இருந்த டாக்டரம்மா என் மூக்கு நுனியைத்தான் முதலில் பார்த்தார். அங்கும் ஒரு கொப்புளம் இருந்தது. மூக்கு நுனிக்குப் போகும் நரம்பின் கிளைதான் கண்ணுக்குள்ளும் போகிறதாம். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் மாத்திரையைத் தொடங்குவது நல்லது என்று சொல்லி அன்றைக்கே ஆரம்பித்தார். சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டு, வேப்பிலையில் படுக்கவைத்து, கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். அந்தச் சின்னம்மைக் கிருமி நரம்பின் வேரிலேயே உறங்கிக் கிடந்து, வயது 50 தாண்டி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாகக் கிளம்பும் என்று பொறுமையாக விளக்கினீர்களே, டாக்டரம்மா, அதன் பிறகுதான் என் பயம் தணிந்தது.

கொப்புளம் காய்ந்தும் வலி போகவில்லை. ஃபேன் காற்று பட்டாலே நெற்றி சுரீரென்றது. சீப்பு படாமல் விரலாலேயே என் தலையைக் கோதிப் பின்னிவிட்ட மருமகளே, நீ நல்லா இருக்கணும். பாதி நெய்த பாவு நூலை வேறு தறிக்கு மாற்றாமல் எனக்காகக் காத்திருந்த முதலாளிக்கும் நன்றி.

அக்கிக்குத் தடுப்பூசி இருக்கிறது. 2023 முதல் நம் நாட்டிலும் கிடைக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு தவணை. ஆனால் நெசவுக் கூலியில் வாங்கக்கூடிய விலை இல்லை. அரசு இதை நம்மைப் போன்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். அதுவரை, முகத்தில் கொப்புளம் கண்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

எதிர்வீட்டு மகளே, உனக்கு அம்மை வந்ததில்லை, வயிற்றிலும் பிள்ளை. கொப்புளத்து நீர் பட்டால் உனக்கு அம்மையாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் நான்தான் உன்னை வராதே என்றேன். நீயோ தினமும் உன் அம்மாவிடம் ரசம் கொடுத்தனுப்பினாய். பிள்ளை பிறக்கட்டும், முதல் பட்டுச் சட்டைக்குத் துணி என் தறியில்தான்.

இப்படிக்கு,
அம்மாபேட்டை நெசவாளி ஒருத்தி