நான்காவது மனு: இலங்கைச் சிறையில் உள்ள என் நண்பரிடம் மூக்குக்கண்ணாடி சேர்ப்பது, அவரை நேரில் பார்க்க வழி செய்வது தொடர்பாக

அனுப்புநர்: விசைப்படகு மீன்பிடித் தொழிலாளி, தங்கச்சிமடம், இராமேஸ்வரம் தீவு (பெயர், முகவரி, ஆதார் நகல் இணைப்பில் உள்ளன).

பெறுநர்: உயர்திரு அதிகாரி அவர்கள்.

பார்வை: அக்டோபர், நவம்பர், ஜனவரி மாதங்களில் நான் கொடுத்த மூன்று மனுக்கள். மூன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது. பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்தத் தீவும் இந்தக் கடலும் உங்களுக்குத் தெரியாததல்ல. கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு தருகிற டோக்கன் நாளில் ஜெட்டி எப்படி இருக்கும், ஒரு படகு திரும்பவில்லை என்றால் ஊர் எப்படி இருக்கும் என்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆகஸ்டில் நாங்கள் ஏழு பேர் போன படகை இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் அந்நாட்டுக் கடற்படை பிடித்தது. எல்லை தாண்டவில்லை என்று நான் வாதாட வரவில்லை. கடலடியை அரித்து இழுக்கிற எங்கள் இழுவை மடி வலைக்கு அவர்கள் நாட்டில் 2017-லேயே தடை வந்துவிட்டது. 2018-ல் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டுப் படகுகளுக்கு அபராதத்தையும் கூட்டிவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்துதான் போனோம். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இரண்டு மாதம் ஓடியும் டீசல் காசு கூட எடுக்க முடியவில்லை, அதனால் போனோம். ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் என் நண்பர், படகு ஓட்டுநர், "இவங்க கூலிக்கு வந்தவங்க, படக இந்தப் பக்கம் திருப்பினது நான்தான்" என்று சொல்லிவிட்டார். எங்கள் ஆறு பேருக்கும் தண்டனையை ஒத்திவைத்து ஊருக்கு அனுப்பினார்கள். அவருக்கு இது இரண்டாம் தடவை என்பதால் ஒரு வருடம் சிறை. அன்று அவர் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என் நிலைமை என்னவாகியிருக்கும் என்று தெரியவில்லை. அந்தக் கடன் எனக்கு இருக்கிறது, அதனால்தான் இந்த மனுவை அவர் குடும்பத்துக்குப் பதிலாக நான் எழுதுகிறேன்.

தண்டனையைக் குறைக்கச் சொல்லி இந்த மனுவில் கேட்கவில்லை. படகைக் கேட்கவில்லை. அரசு தரும் தினப்படி அவர் மனைவிக்கு வந்துகொண்டிருக்கிறது, அதற்கு நன்றி. கேட்பது கீழே உள்ளவை மட்டும்.

1. அவருடைய மூக்குக்கண்ணாடி அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மூன்று மனுவிலும் இதைத்தான் முதலில் எழுதினேன். சின்ன விஷயம் என்று தள்ளிவிட்டார்கள் என்று நினைக்கிறேன், அதனால் இந்தத் தடவை விளக்கமாக எழுதுகிறேன்.

அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கண் பவர் மைனஸ் ஆறு. ஒரு சாணுக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாது. கடலில் போகும்போது கண்ணாடியை வலை பின்னும் நைலான் நூலால் பின்மண்டையோடு சேர்த்துக் கட்டிக்கொள்வார். பிடித்த இரவில் எங்களைப் படகிலிருந்து படகுக்கு மாற்றினார்கள். கடல் கொந்தளிப்பாக இருந்தது. யாரோ தடுமாறி அவர் மேல் விழ, நூல் அறுந்து கண்ணாடி தளத்தில் விழுந்து மிதிபட்டது. யார் மேலும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, நடந்தது அதுதான். ஒரு கண் வில்லை தூளாகிவிட்டது, இன்னொன்று விரிசல் விட்டது. அந்த விரிசல் கண்ணாடியையும் யாழ்ப்பாணம் சிறை வாசலில் மற்ற சாமான்களோடு வாங்கி வைத்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் சேர்ந்து இருந்தது 34 நாள். குளிக்கப் போக, சாப்பாட்டு வரிசைக்குப் போக, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். படியில் ஒரு தடவை விழுந்து முட்டி வீங்கியது. நாங்கள் விடுதலையாகிக் கிளம்பிய காலையில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மாப்ள, வீட்ல பீரோவுல கண் டாக்டர் குடுத்த பழைய சீட்டு இருக்கு. அதக் குடுத்து ஒரு கண்ணாடி மட்டும் போட்டு அனுப்பி விடு."

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் ராமநாதபுரத்தில் கண்ணாடி போட்டாயிற்று ஐயா. அக்டோபர் முதல் வாரம். இன்று பிப்ரவரி. கண்ணாடி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

நாங்கள் முயற்சி செய்யாமல் இல்லை. 2023 கச்சத்தீவுத் திருவிழாவில் பழக்கமான நெடுந்தீவுக்காரர் ஒருவர் இருக்கிறார். அவரும் மீனவர்தான். எங்கள் ஊர்ப் படகுகளின் மடியில் தன் வலையை மூன்று தரம் பறிகொடுத்தவர். திருவிழாவில் அந்தோணியார் கோயிலுக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து அதை எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். என் நண்பர் பதில் பேசாமல் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், அப்புறம் இருவரும் ஃபோன் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். அந்த மனிதர், எங்களால் நஷ்டப்பட்டவர், சோப்பும் பற்பசையும் ஒரு சாரமும் (லுங்கி) வாங்கிக்கொண்டு இரண்டு தடவை யாழ்ப்பாணம் போய் என் நண்பரைப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்துவிட்டு எனக்கு ஃபோனில் சொன்னது இது: "தம்பி, கம்பி வலைக்கு இஞ்சால நிண்ட என்ர முகம் அவருக்குத் தெரியேல்ல. ஆரு ஆரு எண்டு கேட்டவர். குரலை வச்சுத்தான் பிடிச்சவர். மகள் எழுதின கடிதத்தைக் குடுத்தன், மூக்கில முட்ட வச்சு வாசிச்சவர்."

கண்ணாடியை அவருக்கு அனுப்பலாம் என்று நாகப்பட்டினத்துக்குப் போனேன், அங்கிருந்து யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகிற யார் கையிலாவது கொடுத்துவிட. மழைக்காலம் என்று கப்பலை நிறுத்தியிருந்தார்கள். ஒரு நாள் கூலி போய் வெறும் கையோடு திரும்பினேன். அதற்குள் நவம்பரில் நண்பரைக் கொழும்புப் பக்கம் வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். நெடுந்தீவுக்காரர் அங்கே போவது எப்படி? முதலில் படகு, அப்புறம் பஸ், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பே 400 கிலோமீட்டர். அவரும் அன்றாடங்காய்ச்சிதான். தபாலில் அனுப்பினோம். ஏழு வாரம் கழித்துப் பெட்டி அப்படியே திரும்பி வந்தது, மேலே சிங்களத்தில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. வாசிக்க இங்கே ஆள் இல்லை.

ஐயா, இந்தியத் தூதரகத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் 2010 முதல் துணைத் தூதரகமே இருக்கிறது. எங்களையும் அவர்கள் வந்து பார்த்தார்கள், துணிமணி கொடுத்தார்கள், அந்த நன்றி எனக்கு இருக்கிறது. பிடிபட்ட நம் நாட்டுக்காரனைத் தூதரக அதிகாரி போய்ப் பார்க்கலாம் என்று 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவிலேயே இருக்கிறது என்று, சட்டம் படிக்கும் என் அக்கா மகன் சொல்கிறான். அவர்கள் அடுத்த தடவை போகும்போது கையில் ஒரு கண்ணாடிக் கூடு. அவ்வளவுதான். இங்கிருந்து ஒரு கடிதம் போக வேண்டும், அந்தக் கடிதத்தை நீங்கள் எழுத வேண்டும்.

2. அவர் மனைவியின் கடவுச்சீட்டு.

விண்ணப்பித்தது அக்டோபர் கடைசி. விசாரணைக்கு வந்தவர் "வீட்டுக்காரர் மேல வெளிநாட்டுல கேஸ் இருக்கே" என்று கேட்டுவிட்டுப் போனார். அதோடு நிற்கிறது. அந்தப் பெண் மேல் எங்கும் ஒரு வழக்கும் கிடையாது. நண்டுக் கம்பெனியில் சதை எடுக்கிற வேலை பார்க்கிறார். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் போகிறது, ஏறி உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். டிக்கெட் காசு நாங்கள் சேர்த்துவிட்டோம். அன்றைக்கு அந்தப் படகில் இருந்த ஆறு பேரும் கடலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் நூறு நூறு ரூபாய் எடுத்து வைக்கிறோம். மீன் படாத நாளிலும் வைக்கிறோம். அந்தக் காசில்தான் பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸும் போகிறது.

3. எனக்கு அங்கே ஒத்திவைத்த தண்டனை இருக்கிறது. நான் பார்வையாளராகப் போனால் விடுவார்களா, நண்பன் என்ற முறையில் சிறைக்குள் அனுமதி உண்டா, அல்லது இரத்த உறவு மட்டும்தானா? இதை மூன்று மனுவிலும் கேட்டேன். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி.

4. மாதம் ஒரு தடவையாவது ஃபோனில் பேச வழி.

கடைசியாக அவர் குரலை வீட்டில் கேட்டது செப்டம்பரில், நீதிமன்ற வாசலில் யாரோ ஒரு வக்கீலின் ஃபோனில், மூன்று நிமிடம். அதற்கப்புறம் இல்லை.

தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் கடைக்கோடியில் இருக்கிற அரிச்சல்முனைக்கு நீங்கள் போயிருப்பீர்கள். அங்கே நின்றால் சில நேரம் நம் ஃபோனில் இலங்கை நெட்வொர்க் வந்து விழும், வரவேற்பு மெசேஜ் கூட வரும். பொங்கல் லீவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் மகள் ஆறாம் வகுப்பு. அந்த மெசேஜைப் பார்த்துவிட்டு என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "மாமா, இங்கேர்ந்து போகும், அப்பாவுக்குப் போடுங்க" என்றது. எந்த நம்பருக்குப் போட ஐயா? அந்தப் பிள்ளையிடம் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இலங்கைக் கரையிலுள்ள தலைமன்னார் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் கூட இல்லை. எங்கள் படகுக்கு அது இரண்டு மணி நேரப் பாடு.

5. 2010-ல் இரண்டு நாடுகளும் கைதிகளை அவரவர் நாட்டுக்கு மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. நம் நாட்டில் அதற்கு 2003-ஆம் வருடச் சட்டமும் உண்டு. மிச்சத் தண்டனையை அவர் இங்கே ஏதாவது ஒரு சிறையில் கழிக்கட்டும், வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஆனால் இதற்குத் தண்டனையில் போதிய காலம் மிச்சம் இருக்க வேண்டுமாம். ஒரு வருடத்தில் ஐந்து மாதம் போய்விட்டது. நான்கு மாதம் என் மனு மேஜை மேஜையாகக் கிடந்ததில் போனது.

இதை மரியாதைக் குறைவாக எழுதவில்லை. ஆனால் நடந்ததைக் கேளுங்கள். முதல் மனுவைக் கொடுத்த அலுவலகத்தில், இது வெளிநாட்டு விஷயம், இங்கே வராது என்றார்கள். இரண்டாவது இடத்தில், மீனவர் விஷயம், அங்கேயே கொடுங்கள் என்றார்கள். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை டோக்கனை விட்டுவிட்டு வந்து நான்கு மணி நேரம் வரிசையில் நின்று கொடுத்தேன். ஒன்பதாம் நாள் ஃபோனுக்கு மெசேஜ் வந்தது: "தங்கள் மனு உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டு முடித்து வைக்கப்பட்டது." எது முடிந்தது ஐயா? கண்ணாடி போய்ச் சேர்ந்ததா? கடவுச்சீட்டு வந்ததா? அவன் இன்னும் சுவரைத் தடவிக்கொண்டுதானே நடக்கிறான்? உரிய அலுவலர் யார் என்று சொன்னால் நான் அவர் வீட்டு வாசலிலேயே போய் நிற்பேன். அதையும் சொல்லவில்லை.

மனுவில் "அவர்" என்றுதான் எழுத வேண்டும் என்று தெரியும். நானும் அவனும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கரும்பலகை தெரியாமல் என் நோட்டைப் பார்த்து எழுதியவன். பத்து வயதில் அவனுக்கு முதல் கண்ணாடி போட்ட அன்று, ரோட்டில் நின்று, "டேய், பாலத்துல ரயில் வருதுடா, பெட்டி பெட்டியாத் தெரியுதுடா" என்று கத்தினான். அவன் கையில் ஒரு கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுக்க நாலு மனு எழுத வேண்டியிருக்கிறது.

6. தமிழ் பேசுகிற கைதிகள் இருக்கும் சிறைக்கே, அதாவது திரும்ப யாழ்ப்பாணத்துக்கு, அவனை மாற்றச் சொல்லித் தூதரகம் வழியாகக் கேட்க வேண்டும். இது முடிந்தால் நெடுந்தீவுக்காரரே போய்ப் பார்த்துக்கொள்வார். அவர் தயாராக இருக்கிறார், போன வாரமும் கேட்டார்.

7. இவற்றில் ஆறையும் செய்ய முடியாது என்றால் முதலாவதை மட்டுமாவது செய்து கொடுங்கள். கண்ணாடி ஐயா. கண்ணாடி மட்டும். அவனை யாராவது பார்க்கப் போனால் வந்தவர் முகம் அவனுக்குத் தெரிய வேண்டும். மனைவியே போய் நின்றாலும் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "யாரு" என்று கேட்கிற நிலைமையில் அவனை வைத்திருக்காதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்.

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு நானும் அவன் மனைவியும் வருகிறோம். அன்று டோக்கன் நாள்தான், பரவாயில்லை. இந்த மனுவைக் கையில் வாங்கி, யாருக்கு அனுப்புகிறீர்கள் என்று அதன் மேலேயே எழுதித் தரும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல், ஒப்புகைச் சீட்டுகள், கண் மருத்துவர் சீட்டு, திரும்பி வந்த தபால் பெட்டியின் படம், கடவுச்சீட்டு விண்ணப்ப எண், உடன் இருந்த ஆறு பேரின் கையொப்பம். கண்ணாடியை இதோடு இணைக்கவில்லை, திங்கட்கிழமை கையில் கொண்டு வருகிறேன்.