கீழாநெல்லியைத் திருப்பிக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் கீழாநெல்லி பற்றி வந்த குறிப்பை ஆவலோடு படித்தேன். எந்தெந்த நோய்க்கு ஆகும் என்று விரிவாகச் சொல்லியிருந்தீர்கள். அந்தப் பெயர் ஏன் வந்தது என்று ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெருங்குறை.

போன மாதம் என் பேரனிடம் கீழாநெல்லிப் பொடி வாங்கிவரச் சொன்னேன். நெல்லிக்காய்ப் பொடியோடு வந்து நின்றான். "நெல்லிதானே பாட்டி, அது என்ன கீழா?" என்று கேட்டான். வாசலுக்கு அழைத்துப் போனேன். கால்வாய் ஓரத்துச் சிமெண்டு வெடிப்பில் ஒரு சாண் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஒரு கிளையைத் திருப்பிக் காட்டினேன். மேலிருந்து பார்த்தால் நெல்லி இலையைப் போன்ற வரிசை. அடியிலோ கடுகைவிடச் சற்றுப் பெரிய பச்சை மணிகள், இலைக்கு ஒன்றாகத் தொங்கின. காய் கீழே இருப்பதால் கீழ்க்காய்நெல்லி, வாய்வழக்கில் கீழாநெல்லி. அவன் அப்படியே குனிந்து நின்றுவிட்டான்.

பக்கத்து வீட்டு மலாய் அம்மா இதை 'டுக்குங் அனாக்' என்பார். பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். சீனர்கள் வைத்த பெயருக்கு இலையடி முத்து என்று பொருள். முப்பாட்டன் காலத்திலிருந்து இந்தப் பினாங்கில் அடுத்தடுத்து வாழும் மூன்று இனத்தாரும் செடியைத் திருப்பிப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு உள்ளம் நிறைகிறது.

மஞ்சள் காமாலை என்றால் என் அம்மா இதை வேரோடு அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுப்பார். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் இதே இனச் செடியை கல்லீரலைத் தாக்கி மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கொடுத்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். பிறகு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே கண் மஞ்சளானால் முதலில் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். இதையும் உங்கள் குறிப்பு விட்டுவிட்டது.

நீங்கள் போட்ட படம் மேலிருந்து எடுத்தது. அதை நம்பிப் பறிக்கப் போகிறவர்கள் வேறு செடியைக் கொண்டுவந்துவிடுவார்கள். அடுத்த மலரில் காய் தெரியும்படி அடிப்பக்கப் படம் ஒன்றை, மலாய்ப் பெயரோடு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு