வீட்டில் கார் பெயிண்ட்: ஹார்டனர் கலந்ததை மட்டும் பெயிண்ட் பூத்துக்கு விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காரை வாசலில் நிறுத்தி, சின்ன கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வாங்கி, தாங்களே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று பலர் இறங்குகிறார்கள். முடியாத வேலை இல்லை. ஆனால் எதை வீட்டில் தெளிக்கலாம், எதைத் தெளிக்கவே கூடாது என்பதைச் சொல்லித்தர ஆளில்லாமல் இறங்குவதுதான் கவலை தருகிறது.

இன்று பட்டறைகளில் பெரும்பாலும் அடிப்பது டூ-கே பியூ வகை, அதாவது இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்ட். பெயிண்ட் தனி டின், அதை இறுக வைக்கும் ஹார்டனர் தனி டின். தயாரிப்பைப் பொறுத்து இரண்டுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று என்று கலப்பார்கள். அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். கன்னிலிருந்து புகைபோல வரும்போது அது மூச்சில் போனால் ஆஸ்துமாவைக் கிளப்பும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். தோல் வழியாகவும் வேலை செய்யும். என்-95 மாஸ்க் துகளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கரி கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கில் தின்னர் நெடி உள்ளே வந்தால் கார்ட்ரிட்ஜ் தீர்ந்தது தெரியும். ஐசோசயனேட் அப்படி வாசனை காட்டி எச்சரிக்காது. முறையான பூத்தில் (பெயிண்ட் அடிப்பதற்கென்றே காற்றோட்டத்தோடு அமைத்த அறையில்) வெளிக்காற்றைக் குழாய் வழியே கொடுக்கும் முகமூடி போடுவது இதனால்தான். அந்த வசதி இல்லாத வீட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில், ஹார்டனர் கலந்த எதையும் தெளிக்கக் கூடாது.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்? வெள்ளை, சிவப்பு போன்ற சாலிட் நிறமென்றால் என்.சி. லேக்கரில் (ஹார்டனர் இல்லாமல், தின்னர் பறந்தே காயும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட்) முழு வேலையையும் முடிக்கலாம். பியூ அளவுக்கு உழைக்காது, பெட்ரோல் சிந்தினால் கறை பிடிக்கும். ஆனால் பிழை வந்தால் தேய்த்துத் திருத்தலாம், பாலிஷில் பளபளப்பை வரவழைக்கலாம். மினுக்கும் மெட்டாலிக் நிறமென்றால் டிங்கரிங், பள்ளம் நிரப்பும் பட்டி, தேய்ப்பு வரை வீட்டில் முடித்து, கலருக்கு அடியில் அடிக்கும் சர்பேசரிலிருந்து பூத்துக்கு விடுவது நல்லது. என்.சி. சர்பேசர் மேல் டூ-கே ஏறினால் சில மாதங்களில் தேய்த்த கோடுகள் மேலே எழும்பித் தெரியும். கூலியில் பெரும்பங்கு தேய்ப்புக்குத்தான் போகிறது என்பதால், அதை வீட்டில் முடிப்பதிலேயே நல்ல பணம் மிச்சமாகும்.

முதலில் காரில் ஏற்கெனவே என்ன பெயிண்ட் இருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம், கண்ணில் படாத இடத்தில், என்.சி. தின்னர் நனைத்த வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிறம் கரைந்து துணியில் வந்தால் பழையது என்.சி. தோல்போலச் சுருங்கி எழும்பினால் சிந்தெடிக் எனாமல். ஒன்றுமே ஆகாவிட்டால் கம்பெனி பெயிண்ட் அல்லது டூ-கே. எனாமல் மேல் என்.சி. அடித்தால் தின்னர் உள்ளே இறங்கி முழுப் பேனலும் சுருங்கிவிடும். அதைத் தகடு வரை எடுத்தே ஆக வேண்டும். துருவை மறைக்கப் பிரஷ்ஷில் பூசும் ரெட் ஆக்சைடும் பெரும்பாலும் எனாமல் வகைதான். அதன் மேல் அடித்தாலும் இதே கதி.

துருவைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை எடுத்து, அன்றே மூடிவிடுங்கள். கடலோர ஊர்களில் வெறும் தகடு ஒரு ராத்திரி கிடந்தால் மறுநாள் மஞ்சள் பூத்திருக்கும். பாலியஸ்டர் பட்டிக்கு ஹார்டனர் பேஸ்ட் நூறு கிராமுக்கு இரண்டு கிராம் போதும் (இதைக் கையால் பூசுவதுதான், மேலே சொன்ன ஐசோசயனேட் இதில் இல்லை). சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாகப் போட்டால் பின்னாளில் வெள்ளை நிறத்தின் ஊடே கறையாகக் கசியும். நம் வெயிலில் நாலைந்து நிமிடத்தில் இறுகிவிடும், ஆகவே உள்ளங்கையளவாகக் கலந்து பூசுங்கள்.

பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பது நம் பக்கம் ஊறிப்போன பழக்கம். கட்டாயம் விட வேண்டியது. பட்டியிலிருக்கும் டால்க் மாவு தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் மூடிய பின் அந்த ஈரம் போக வழியில்லாமல் கொப்புளம் எழும், அடியில் துரு ஓடும். எண்பதாம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 180, 320 என்று உலர்வாகவே தேய்க்க வேண்டும். கையில் பிடித்துத் தேய்த்தால் விரல் தடத்துக்குப் பள்ளம் விழும். தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள்.

என்.சி. சர்பேசர் அடித்துக் காய்ந்ததும், கறுப்பு ஸ்ப்ரே டப்பாவால் மேலே பனிபோல லேசாகத் தூவி, 400 வாட்டர் பேப்பரைக் கட்டையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மேடு முதலில் வெளுக்கும். பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும், ஊசிமுனைத் துளை கறும்புள்ளியாகத் தெரியும். கைக்குத் தட்டுப்படாத குறையும் இதில் மாட்டும். கறுப்பு முழுக்கப் போகும்வரை கலருக்குப் போகாதீர்கள். பளபளப்பு ஏற ஏற குறை இன்னும் துலக்கமாகத்தான் தெரியும். கடைசித் தேய்ப்பு 600.

பெயிண்ட் அடிக்குமுன் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் வேலை. டயர் பாலிஷ், டேஷ்போர்டு ஸ்ப்ரேயில் உள்ள சிலிக்கான், தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய்க் கை, எது பட்டாலும் பெயிண்ட் விலகிக் குழிகுழியாக மீன்கண் விழும். ஒரு துணியால் கிளீனரைப் பூசி, அது காயுமுன் இன்னொரு சுத்தத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். மறைக்கச் செய்தித்தாளை ஒற்றையாக ஒட்டினால் தின்னர் ஊறி மை கீழே இறங்கும். பழுப்புத் தாள் நல்லது.

இரண்டு எச்.பி., 50 லிட்டர் கம்ப்ரசர் ஒரு சாதாரண கன் கேட்கும் காற்றை விடாமல் தராது. பானெட்டின் தொடக்கத்தில் இருந்த அழுத்தம் முடிவில் இருக்காது. துளி பெரிதாகி ஆரஞ்சுத் தோல்போல மேடுபள்ளம் விழும். கை சரியில்லை, கன் சரியில்லை என்று கடிந்துகொள்வார்கள், குறை காற்றில் இருக்கும். ஒரு பேனல் முடித்து டேங்க் நிரம்பியபின் அடுத்ததைத் தொடுங்கள். கன்னுக்கு 1.4 மில்லிமீட்டர் முனை, டிரிகரை அழுத்தியபடி பார்க்கையில் 40 முதல் 45 பி.எஸ்.ஐ., ஆறு முதல் எட்டு அங்குல இடைவெளி, ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். தண்ணீர் பிரிப்பானைக் கம்ப்ரசரை ஒட்டி வைக்காமல் நீண்ட ஹோஸின் கன் முனைப்பக்கம் வையுங்கள். காற்று சூடாக இருக்கும்போது நீர் ஆவியாகவே கடந்துவிடும், ஆறிய பிறகுதான் பிடிபடும்.

என்.சி.யில் பெயிண்ட் ஒரு பங்குக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு தின்னர், பத்து நிமிட இடைவெளியில் ஐந்தாறு கோட்டு (பூச்சு). ஈரக்காற்றில் அடித்தால் தின்னர் வேகமாகப் பறந்து தகட்டைக் குளிர்விக்கும், காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை பூக்கும். மெதுவாகப் பறக்கும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் சேர்த்து மெலிதாக ஒரு கோட்டு அடித்தால் பெரும்பாலும் மறையும். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதிருப்பது அதைவிட நல்லது. விடியற்காலைப் பனியும் வேண்டாம். வெயில் ஏறியபின் நிழலில் அடியுங்கள். முடித்து ஒரு வாரமாவது விட்டு, 1500, 2000 வாட்டர் பேப்பர், பிறகு மெருகேற்றும் காம்பவுண்ட். விளிம்புகளில் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள், அங்கேதான் முதலில் கலர் தேய்ந்து அடியிலுள்ள சர்பேசர் வெளுத்துத் தெரியும்.

தின்னர் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு ஊர்ந்து போய் பூஜை விளக்கிலோ, கம்ப்ரசர் மோட்டாரின் பொறியிலோ பற்றும். மூடிய ஷெட்டிலும் அடுக்ககத்தின் கீழ்த்தள பார்க்கிங்கிலும் அடிக்கவே கூடாது. கம்ப்ரசர் தள்ளி இருக்கட்டும். மிஞ்சிய தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

நிறத்தையே மாற்றுவதானால் அடிக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆர்.சி.யில் நிறம் பதிவாகியிருக்கிறது. ராணுவத்துக்குரிய ஆலிவ் பச்சை தனியார் வண்டிக்கு அனுமதியே இல்லை.

பெயிண்ட் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹார்டனரைப் பெரிய டின்னிலிருந்து பெயர் ஒட்டாத பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். இது ஐசோசயனேட், பூத் இல்லாமல் தெளிக்கக் கூடாது என்று தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள். வாங்க வருகிறவர் தொழில் செய்பவரா, வீட்டுக்குக் கொண்டுபோகிறவரா என்று கேட்டு, வீட்டுக்கென்றால் என்.சி.யைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
கார் பெயிண்டிங் தொழிலில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்.