கடைசித் தெருவும் திரும்பி வரும் பெட்டியும்

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. நாலு நாள் கழித்து, உன் இணையக் கடையிலிருந்து நீ அனுப்பிய காலணியும் வந்தது. அது ஏற்கெனவே ஒரு தடவை என் வாசல் வரைக்கும் வந்து, ‘வீட்டில் ஆள் இல்லை’ என்ற குறிப்போடு உன் கிடங்குக்கே திரும்பி, மறுபடி புறப்பட்ட பெட்டி என்று உன் கடிதத்தில்தான் படித்தேன். அன்றைக்கு நான் முழுநாளும் வீட்டில்தான் இருந்தேன். கண் அறுவை முடிந்து ஒரு வாரம், வெளியே போக டாக்டர் விடவில்லை. இப்போது பார்வை நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. மகளும் வேலை மாறிவிட்டாள், முன்னைவிட நிம்மதியாக இருக்கிறாள். காலணியை ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். பெருவிரல் முட்டுகிறது. வீடு சேராமல் திரும்பும் பெட்டி, அளவு சரியில்லாமல் திரும்பும் காலணி என்று உன்னைப் பாடாய்ப் படுத்துகிற இரண்டு தொல்லையும் ஒரே பெட்டியில் எனக்கு வந்து சேர்ந்துவிட்டன.

‘டெலிவரி ஏஜென்சியை மாற்றிவிடட்டுமா?’ என்று கேட்டிருக்கிறாய். டிஸ்பாட்ச் மேஜையில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், இப்போதைக்கு வேண்டாம். யாரை மாற்றினாலும் அதே விலாசத்தைத்தான் அவர்களிடமும் கொடுக்கப்போகிறாய்.

என் பெட்டிக்கு என்ன நேர்ந்தது என்று விசாரித்தேன். இந்தக் குடியிருப்புக்கு இரண்டு வாசல். விலாசத்திலிருக்கும் தெருவைப் பார்த்த முன்வாசல் ரொம்ப நாளாகப் பூட்டியே கிடக்கிறது, எல்லோருக்கும் பின்பக்கச் சந்துதான் வழி. எப்போதும் வருகிற பையனுக்கு இது தெரியும். அன்று அவனுக்கு விடுப்பு. புதிதாக வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டு போன் செய்திருக்கிறார். பரிசாக நீ அனுப்பியதால் ஆர்டரில் இருந்தது உன் எண். தெரியாத எண் என்று நீ எடுக்கவில்லை. அவர் கையிலிருந்த செயலியில் மூன்றே காரணங்கள்: ஆள் இல்லை, வாங்க மறுத்தார், விலாசம் தவறு. ‘வாசல் பூட்டியிருக்கிறது, வேறு வழி எதுவென்று தெரியவில்லை’ என்று எழுத அதில் இடமே கிடையாது. இருந்ததில் பொருத்தமானதை அழுத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வாசலில் நின்று அவர் தெரிந்துகொண்ட சேதி உன் மேஜைக்கு வரவே இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்தத் தொழிலில் ரொம்பப் பேர் பாதையைச் சுருக்குவதையே பெரிய காரியமாகப் பேசுவார்கள். அது கடினமான கணக்கு என்பதில் சந்தேகமில்லை. பத்து வீடுகளை எந்த வரிசையில் போய்ப் பார்ப்பது என்பதற்கு 36,28,800 வழிகள். இருபது வீடு என்றால் ஏறக்குறைய 24,329 கோடி கோடி. 1959-இல் ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் என்ற இருவர், பெட்ரோல் லாரிகள் எண்ணெய்க் கிடங்கிலிருந்து எந்தெந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு எந்த வரிசையில் போவது என்று கணக்குப் போட்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றைய ரூட் மென்பொருள்களுக்கெல்லாம் வேர் அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த லாரிக்காரருக்குப் போகவேண்டிய இடம் எது என்ற குழப்பம் இல்லை. பெட்ரோல் பங்க் ரோட்டு மேலேயே நிற்கும், ஆளும் இருப்பார். வீட்டு வாசல் அப்படியா?

நான் வேலையிலிருந்த கடைசி வருஷங்களில் ஒரு ஓட்டுநரோடு வேனில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். வண்டி ஓடிய நேரத்தைவிட நின்ற நேரம்தான் அதிகம். வண்டியை நிறுத்த இடம் தேடுவது, எந்தக் கட்டடம் என்று பார்ப்பது, மாடிப்படி, லிஃப்ட், அழைப்பு மணி, ஓடிபி. ஒரு நாளைக்கு 80 வீடு போகிறவர் வீட்டுக்கு மூன்று நிமிஷம் தேடுவதில் இழந்தால் 240 நிமிஷம், நாலு மணி நேரம். அதில் ஒரு நிமிஷத்தை மிச்சப்படுத்து, 80 நிமிஷம் கையில் நிற்கும். எந்த மென்பொருளும் அந்த ஒரு நிமிஷத்தைத் தனியாகத் தந்துவிடாது. வாசல் தெரிந்தவர் சொல்லவேண்டும்.

இது என் பிடிவாதம் மட்டுமில்லை. 2021-இல் அமேசானும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிப்பதல்ல போட்டி. ஓட்டுநர்கள் நிஜத்தில் போன வரிசையைக் கணினி எவ்வளவு நெருக்கமாகச் சொல்கிறது என்பதற்குத்தான் மதிப்பெண். கணினி போட்டுக்கொடுக்கும் சுருக்கப் பாதையை விட்டு அனுபவசாலிகள் விலகிப் போகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்: பள்ளிக்கூடம் விடும் நேரம், சரக்கு வண்டி அடைத்து நிற்கும் சந்து, மத்தியானம் மணியடித்தால் யாரும் எழாத கட்டடம். அந்தப் போட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் பையன்கள் மனசுக்குள் வைத்திருந்ததை ஒருவழியாக அறிவு என்று ஒத்துக்கொண்டார்களே என்று.

உன்னால் உடனே செய்ய முடிந்தது இதுதான். ஆர்டர் எடுக்கும்போது விலாசத்துக்குக் கீழே ‘வாசலுக்கு எப்படி வருவது?’ என்று ஒரு வரி கேள். ‘லேண்ட்மார்க்’ என்று மட்டும் கேட்டால் பாதிப்பேர் விட்டுவிடுவார்கள். பரிசு என்றால் வாங்குகிறவருடைய எண்ணைக் கட்டாயமாகக் கேள். ஒரு தடவை சரியாகப் போய்ச் சேர்ந்த வீட்டுக்கு ஓட்டுநர் சொல்லும் குறிப்பை வாங்கி, அடுத்த தடவை லேபிளிலேயே அச்சடி. ஏஜென்சிக்காரர்கள் இதற்கு முதலில் முணுமுணுப்பார்கள். முதல் முயற்சியிலேயே பெட்டி போய்ச் சேர்ந்தால் அவர்களுக்கும் லாபம், அதனால் ஒத்துக்கொள்வார்கள். பகலில் யாருமே இல்லாத வீடுகளுக்கு, வாங்குகிறவர் தாமே வந்து திறந்து எடுத்துக்கொள்ளும் பொது லாக்கர் நல்ல வழி. ஜெர்மனியில் 2001-இலேயே தபால் நிறுவனத்தார் அதைத் தொடங்கிவிட்டார்கள். ஒரே இடத்தில் முப்பது பெட்டியை வைத்துவிட்டுப் போகலாம், திருப்பி அனுப்புகிறவர்களும் அங்கேயே போடலாம். லாக்கர் நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

இனி ரிட்டர்ன். இதில்தான் உன்னிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப்போகிறேன்.

உன் கிடங்கில் திரும்பி வந்த பெட்டிகளின் அடுக்கு கூரையைத் தொடுகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த அடுக்கில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? ‘அளவு சரியில்லை’ என்று நூற்றுக்கணக்கில் வந்திருக்கும். சரியில்லை என்றால் எப்படி? நீளம் போதவில்லையா, அகலமா, மேல்பாதம் இறுக்குகிறதா? உன் ரிட்டர்ன் படிவத்திலும் அந்த ஓட்டுநரின் செயலியைப் போல மூன்றே கட்டங்கள்தான் இருக்கின்றன. காலில் போட்டுப் பார்த்தவருக்குத் தெரிந்த விஷயம் உன்னிடம் வந்து சேரவே வழியில்லை. பெட்டி வாசலுக்கு வந்துசேரும் கடைசித் தெருவிலும் ரிட்டர்னிலும் நடப்பது ஒரே சங்கதி என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

காலணி அளவு என்பதே ஒரு குழப்படி. பிரிட்டிஷ் முறையில் ஒரு அளவுக்கும் அடுத்ததற்கும் இடையே அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 6.7 மில்லிமீட்டர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் எங்கேயோ இடிக்கும். தயாரிப்பாளர் காலணி செய்யப் பயன்படுத்தும் கால் வடிவ அச்சுக்குத் தக்கபடியும் மாறும். பாதத்தின் நீளத்தையே மில்லிமீட்டரில் சொல்லும் மோண்டோபாயிண்ட் என்ற முறை இருக்கிறது, சர்வதேசத் தர அமைப்பு கொடுத்த ஐஎஸ்ஓ 9407 என்ற தர எண் கூட உண்டு. ராணுவக் காலணிகளில் புழங்குகிறது. அதையே உன் இணையப் பக்கத்தில் போடு. ஒரு தாளில் பாதத்தை வைத்துக் குதிகாலிலும் விரல் நுனியிலும் கோடு போட்டு அளக்கச் சொல். எந்த மாடல் அகலம் குறைவு என்பதை ஒளிக்காமல் எழுது. உன் ஆட்கள் ‘விற்பனை குறையும்’ என்பார்கள். இப்போது சந்தேகத்தில் இரண்டு அளவாக ஆர்டர் போட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்புகிறவர்களைக் கணக்கில் எடுத்துப் பார்க்கச் சொல். அந்த விற்பனை உண்மையில் பாதிதான்.

அடுத்தது, வந்த பெட்டியை வந்த அன்றே பிரி. இதைவிட முக்கியமான ஒன்றை நான் சொல்லப்போவதில்லை. பிரிக்காமல் கிடக்கிற ஜோடி உன் கணக்கில் சரக்காகவும் இல்லை, பணமாகவும் இல்லை. அந்த நாற்பத்தொன்றாம் அளவு இல்லை என்று இன்னொருவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பாய், அது உன் அடுக்கிலேயே மூன்றாவது வரிசையில் கிடக்கும். சீசன் போய்விட்டால் விலையும் போய்விடும். ஒரு மேஜை, நல்ல வெளிச்சம், கண் நிதானமுள்ள ஒரு ஆள் போதும். தொடாதது நேராக ரேக்குக்கு, பெட்டி மட்டும் நசுங்கியது புதுப் பெட்டிக்கு, பசை விட்டதும் தையல் விட்டதும் ரிப்பேருக்கு, மீதி பிரித்தெடுக்க. அந்த ஆள் தினமும் சாயங்காலம் என்னென்ன பார்த்தார் என்று உன்னிடம் வந்து சொல்லட்டும். ஒரே மாடலில் ஒரே இடத்தில் பசை விட்டுக்கொண்டே வந்தால் தொழிற்சாலைக்குப் போன் போடவேண்டியது நீ.

எரித்துவிடலாம், குப்பையில் தள்ளிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த சட்டப்படி, விற்காமல் போன துணிமணிகளையும் காலணிகளையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் தடை. வாங்கியவர் மனம் மாறித் திருப்பியவையும் அதில் அடக்கம். நீ அவ்வளவு பெரிய நிறுவனம் இல்லை, சட்டம் உன்னைத் தொடாமலும் போகலாம். ஆனாலும் ஒருவர் குனிந்து தைத்த பொருளை வெறுமனே எரிக்க உனக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும்.

பெட்டி விஷயம் ஒன்று. என் ஜோடி 40, 30, 20 சென்டிமீட்டர் அட்டைப்பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக வந்தது. கூரியர்கள் பெட்டியின் கன அளவை, கன சென்டிமீட்டரில், 5,000-ஆல் வகுத்து அதையே எடையாக வைத்துக் கட்டணம் போட்டால் அது 4.8 கிலோ. காலணிப் பெட்டி மட்டும் 33, 21, 12 என்று அளந்தேன், 1.7 கிலோகூட வராது. காற்றுக்குக் கூலி கொடுக்கிறாய், திரும்பி வந்தால் இரண்டு வழிக்கும். இரண்டாவது ஒட்டுப்பட்டை வைத்த உறை வாங்கு, திருப்புகிறவர் டேப் தேடாமல் அதையே மூடி அனுப்பலாம்.

அளவு மாற்றக் கேட்கிறவர்களுக்குத் திரும்பி வரும்வரை காத்திருக்காமல், சரியான ஜோடியைக் கொடுத்துவிட்டு அதே கையில் பழையதை வாங்கிவரச் சொல். ஒரே நடை. எப்படியும் சாயங்காலம் வேன் காலியாகத்தானே திரும்புகிறது?

என் ஜோடியை அப்படியே மாற்று. பாதம் 268 மில்லிமீட்டர், வலது கால், சாயங்காலம் அளந்தது. பின்பக்கச் சந்து வழி, பச்சைக் கதவு, மணி வேலை செய்யாது, தட்டவேண்டும் என்று லேபிளில் போடு. என் எண்ணைக் கொடு.

அடுத்த மாதம் கண் டாக்டர் பயணத்துக்கு அனுமதி தருவார். அங்கே வந்ததும் முதல் நாள் உன் அடுக்கைப் பிரித்துப் பார்ப்போம். இரண்டாம் நாள் காலையில் எனக்கு வேனில் ஓட்டுநர் பக்கத்தில் ஓர் இடம் சொல்லி வை, அவருக்குச் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொள்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்